திறக்காத கூடாரம்

குஸந்தீனா
அல்ஜீரியா, 9 நவம்பர் 1956, வெள்ளி

அன்புள்ள ஃபளீலா அக்காவுக்கு,

உன் மேல் ஸலாம் உண்டாகட்டும். உம்மாவும் நானும் நலம். உன் சளி விட்டதா?

இதைப் போர்வைக்குள் மெழுகுத்திரி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெளியே படிக்கட்டுத் தெருவில் பிரெஞ்சுச் சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் வரும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். அவர்கள் போனதும் மறுபடி ஏற்றுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ துனிஸில் சித்தி வீட்டில் தையல் கற்றுக்கொள்வதாக உம்மா தெருவெல்லாம் சொல்கிறாள். பிரான்ஸில் பாபாவுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். நானும் அதையே சொல்கிறேன். ஆனால் துனிஸ் கடிதம் தபால்காரர் கையில் அல்லவா வர வேண்டும்? உன் சீட்டு, பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடக்கும் மலையிலிருந்து கழுதையோடு வரும் முபாரக்கா காலாவின் முட்டைக் கூடையில், வைக்கோலுக்கு அடியில் வந்தது. அதில் தேவதாரு விறகின் புகை வாசம். மருத்துவமனையில் தாதிப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு நீ கிளம்பிய நாளிலிருந்து என் மனதில் ஒன்று ஓடுகிறது. அதை எழுதவில்லை.

எழுத வந்தது வேறு. ரமலானுக்கு முன் நம் அரபுப் பள்ளியில் பெண்களுக்கு மட்டும் விழா. நாங்கள் நாடகம் போடுகிறோம். அகழ்ப் போர்க் காலத்து மதீனா. ஸல்மான் (ரலி) சொன்ன யோசனைப்படி அகழ் வெட்டுகிறார்கள், நபிகள் நாயகமே (ஸல்) மண் சுமக்கிறார்கள். ஸஅத் (ரலி) கையில் அம்பு பட்டு ரத்தம் நிற்காமல் போகிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போவது எங்கே? காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) போட்டிருந்த கூடாரத்துக்கு.

ருஃபைதாவாக நான்தான் நடிக்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொன்னதும் என் வகுப்பு பஹிய்யா சிரிக்கிறாள். "நீயா? கோழி அறுக்கும்போதே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சவ. ஸஅதுக்கு முன்னாடி உன்னைத்தான் தூக்கிட்டுப் போகணும்."

நீ துஆ செய். பதில் போடு.

உன் தங்கை
ரபீஹா

---

துனிஸ்
நவம்பர் கடைசி

அன்புத் தங்கை ரபீஹாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன் மீதும் உம்மா மீதும் இறங்கட்டும். நான் நலம். சளி போய்விட்டது.

துனிஸ் குளிர்கிறது. தையல் வேலை ஏராளம். நேற்று நாலு உருப்படி சேர்ந்து வந்தது. ஒன்றைத் தைத்து முடிக்கும் வரை தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

இங்கே வெள்ளைத் துணி இல்லை. கொதிக்க வைத்துத் துவைத்ததையே மறுபடி கட்டுகிறோம். துணி இல்லாததால் தைக்க முடியாமல் போகிறவை உண்டு. வீட்டில் பழைய விரிப்பு இருந்தால் நான்கு விரல் அகலத்தில் கிழித்து, வேகவைத்து, நிழலில் காயவைத்துக் கொடு. முட்டைக் கூடையில் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு.

கண்டதை யோசிக்காதே. படித்ததும் எரித்துவிடு.

ஃபளீலா

---

குஸந்தீனா
14 டிசம்பர் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் சுகம், உம்மாவின் முழங்கால் வலியைத் தவிர. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா, தண்ணீர் கேட்கிற சட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை. சரி, கேட்கவில்லை.

துணி கிழித்தேன். கூடையில் கொஞ்சம்தான் பிடித்தது. அதிகம் திணித்தால் பாலத்துக் காவலில் முட்டைக்குக் கீழே கை விடுவார்களாம். முபாரக்கா காலா சொன்னாள்: "போன வாரம் ஒருத்தன் கைய விட்டான். ரெண்டு முட்டை ஒடஞ்சுது. கையத் துடைக்க நான் போர்த்தியிருந்த மலாயாவையே இழுக்குறான், அந்த மூதி."

நாடகத்தில் ஒரு பெரிய இடி. ருஃபைதாவாக யாருமே நடிக்கக் கூடாதாம். நான் மட்டுமல்ல, யாருமே. ஆசிரியை வஹீபா சொன்னார்: "அந்தப் பெருமக்கள் வேஷத்தை நாம போட மாட்டோம். அவங்க முகம் இதுதான்னு காட்ட நாம யாரு? நீங்க எல்லாரும் பேர் தெரியாத மதீனத்துப் பெண்கள். அது போதும்."

"அப்போ கூடாரம்?" என்றேன்.

"மேடை நடுவுல நிக்கும். கடைசி வரைக்கும் திறக்காது. அவங்க உள்ள வேலையா இருக்காங்க. நாம வெளியில நின்னு பேசுவோம்."

"உள்ள யார் இருப்பா டீச்சர்?" என்று பஹிய்யா கேட்டாள்.

"நாற்காலி இருக்கும். கூடாரம் சாயாம இருக்க."

அன்று முழுக்க அழுதேன். எனக்குக் கிடைத்தது தண்ணீர் சுமக்கும் பெண் வேஷம். கூடாரத்து இடுக்கில் கையை நீட்டித் துணி வாங்கி, காயம்பட்டவர்களுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அழுகை ஓய்ந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. மறுநாள் கையைத் தூக்கினேன். "டீச்சர், விழாவுக்கு வர்ற ஒவ்வொரு பெண்ணும் ஒரு வெள்ளைத் துணி கொண்டு வந்து கூடாரத்துல போட்டா என்ன? மதீனத்துப் பெண்கள் கொடுத்த மாதிரி. மருந்தும் கொடுக்கலாம். அப்புறம்... ஏழைகளுக்குக் கொடுத்துடலாம்."

ஆசிரியை கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க அக்கா சுகமா?" என்று மட்டும் கேட்டார்.

"துனிஸ்ல இருக்கா டீச்சர்."

"ஆமா, துனிஸ்ல" என்றார். "நல்ல யோசனை. அப்படியே செய்வோம்."

உன் ரபீஹா

---

ஜனவரி

அன்புள்ள ரபீஹாவுக்கு,

ஸலாம். நலம். உம்மாவின் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கித் தேய்.

உன் கடிதத்தைப் படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. பனியில் வெளியே போய் நடந்தேன். ஒரு மண்டபம் நிறையப் பெண்கள், ஆளுக்கு ஒரு துணி. நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?

துணியோடு சல்ஃபா பொடி, அயோடின், ஸ்பிரிட். ஸ்பிரிட்டை ஆரஞ்சுப்பூ நீர் பாட்டிலில் ஊற்றச் சொல். ஆசிரியையிடம் மட்டும் சொல், வேறு யாரிடமும் வேண்டாம். யாராவது கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது. உண்மையிலேயே தெரியாமல் இருப்பது இன்னும் நல்லது. அதனால்தான் நான் எழுதுவதில்லை.

நாடகத்தில் உம்மு அதிய்யா (ரலி) பற்றி ஒரு வார்த்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். போருக்குப் போன இடத்தில் காயங்களுக்கு மருந்திட்டார் என்று எல்லாரும் சொல்கிறோம். எல்லாருக்கும் சமைத்தார், மூட்டைகளைக் காவல் காத்தார் என்பதை விட்டுவிடுகிறோம். நானும் விட்டுவிட்டேன். இங்கே வந்து பெரிய சட்டியில் பருப்புக் கிளறக் கற்றுக்கொண்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. உஹத் போரில் உம்மு உமாரா (ரலி) தண்ணீர்த் தோற்பையோடு கட்டுத்துணியையும் இடுப்பில் செருகியிருந்தாராம். நானும் இப்போது அப்படித்தான் செருகுகிறேன்.

இனிப் பனி கூடும். கடிதம் தாமதமாகும். பயப்படாதே.

ஃபளீலா

---

குஸந்தீனா
8 பிப்ரவரி 1957

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். நீ?

நீ ஊர் பெயர் எழுத மறந்துவிட்டாய். துனிஸில் பனி கொட்டுகிறதா என்று பூகோளப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன்.

முபாரக்கா காலா மூன்று வியாழனாக வரவில்லை. இதை எழுதித் தலையணைக்குள் வைக்கிறேன்.

பள்ளிக்கு ஒரு அதிகாரி வந்தார், கூடவே நம் ஊர் மொழிபெயர்ப்பாளன் ஒருவன். சுவரிலிருந்த அல்ஜீரியா வரைபடத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என்னைத் தனியே நிறுத்தி அக்கா எங்கே என்றார்கள். துனிஸ் என்றேன். என்ன செய்கிறாள்? தைக்கிறாள். யாருக்கு? இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே அக்கா. "குளிர்ல இருக்கிறவங்களுக்கு" என்றேன். மொழிபெயர்ப்பாளன் என்னையே பார்த்தான். பிறகு பிரெஞ்சில் வேறு ஏதோ நீளமாகச் சொன்னான். விட்டுவிட்டார்கள்.

உம்மா தன் கல்யாண விரிப்பை எடுத்து ஓரத்துப் பூத்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு உம்மா என்றேன். "பழசாயிடுச்சு." அது பெட்டியை விட்டு வெளியே வந்ததே கிடையாது. உனக்குக் கம்பளிக் காலுறையும் பின்னியிருக்கிறாள், முழங்கால் வரை. "துனிஸ்ல கடல் காத்து அடிக்கும்ல" என்கிறாள். அக்கா, அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு பனியில் எருமை மாடே நிற்கலாம்.

ரபீஹா

---

குஸந்தீனா
1 மார்ச் 1957

அக்கா,

ஸலாம். நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நேற்று முபாரக்கா காலா வந்தாள். போன கடிதத்தையும் காலுறையையும் கொடுத்தேன். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். உன் சீட்டு இல்லை.

"ஏன் எழுதல?"

"கை சரியில்ல."

"எந்தக் கை?"

"எழுதுற கைதான்டி. ஆளு நல்லாருக்கு. முட்டைய எண்ணிக்க."

"காய்ச்சலா?"

அவள் கழுதையின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையாலாவது ஒரு கோடு போட்டு அனுப்பு. கோடு போதும்.

ரபீஹா

---

மார்ச்

ரபீஹா

ஸலாம். இடது கை. கோணல். தையல் ஊசி குத்திச் சீழ் வைத்துவிட்டது. தோள் வரை சிவந்திருக்கிறது. கையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் ஒப்பவில்லை. இங்கே அறுத்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நாடகம் நடந்தே ஆக வேண்டும் என்று ஆசிரியையிடம் சொல். மருத்துவச்சி ரஹ்மூனாவைக் கட்டாயம் அழைக்கச் சொல். பையோடு.

காலுறை சரியாக இருக்கிறது.

ஃ

---

குஸந்தீனா
25 மார்ச் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். காய்ச்சலில் உன் இடது கைகூட அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரிச் சுடுகிறது என்று எனக்குத் தெரியும்.

நேற்று நீ உள்ளே இருந்தாய். வெளியே நடந்தது உனக்குக் காதில்தான் விழுந்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கறுப்பு மலாயாக்கள், காப்பி வாசம், குழந்தைகளின் அழுகை. ஒவ்வொரு பெண்ணும் துணியைக் கூடாரத்துக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஆசிரியையிடம் கொடுத்தாள். மலைக்காரப் பெண்கள் சிலரும் வந்தார்கள். முபாரக்கா காலா முகத்திரை போட்ட ஒரு வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். "என் மருமக. பாலத்துல நிக்க வச்சு உயிர வாங்கிட்டானுங்க. கொஞ்சம் சாஞ்சுக்க இடம் குடுங்க" என்று பின்பக்கம் கூட்டிப்போனாள். மருத்துவச்சி ரஹ்மூனா பையோடு கூடவே போனார். எனக்குச் சந்தேகமே வரவில்லை அக்கா. நீ கட்டியிருந்த அந்த வயிறு அவ்வளவு நன்றாக இருந்தது.

முதல் வரிசையில் யார் தெரியுமா? லல்லா தாவூஸ். பிரெஞ்சுக்காரர்கள் நியமித்த ஊர்த்தலைவர் காயிதின் மனைவி. "கவர்னர் வீட்டு விருந்துல சாப்பிடுறவ இங்க எதுக்கு வந்திருக்கா?" என்று பஹிய்யா கிசுகிசுத்தாள்.

நாடகம் தொடங்கியது. திரைக்குப் பின்னால் பாங்கு கேட்டது. முதன்முதல் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிலால் (ரலி) நினைவில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் குடத்தோடு கூடாரத்துக்குப் போனேன். "உள்ளே எட்டிப் பாக்காதே, கைய மட்டும் நீட்டு" என்று ஆசிரியை காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். என் வசனத்தைச் சொன்னேன். "ருஃபைதா அம்மா, வெளியில காயம்பட்டவங்க காத்திருக்காங்க. துணி குடுங்க." இடுக்கில் கையை நீட்டினேன்.

ஆசிரியைதான் துணியைத் தருவார் என்று நினைத்திருந்தேன். ஒரு கை என் கையைப் பிடித்தது. கொதிக்கிற கை. கட்டைவிரலில் பிறை மாதிரித் தழும்பு. சின்ன வயதில் நான் காப்பிக் கெண்டியைத் தட்டிவிட்டு உண்டான தழும்பு.

எனக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. "துணியோட ஓடுடி" என்று பஹிய்யா பின்னாலிருந்து சொல்லிக்கொடுக்கிறாள். நான் நிற்கிறேன்.

அப்போதுதான் பூட்ஸ் சத்தம்.

அதே அதிகாரி, அதே மொழிபெயர்ப்பாளன், வாசலில் சிப்பாய்கள். பெண்கள் எல்லாரும் முகத்திரையை இழுத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே நீ முனகினாய். மருத்துவச்சி கத்தி வைத்த நேரம் அது என்று இப்போது புரிகிறது. மண்டபத்தில் சத்தமே இல்லை. அந்த முனகல் எனக்குக் கேட்டது. அதிகாரிக்கும் கேட்டிருக்கும், ஆனால் நடுவரிசையில் ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. யார் என்று திரும்பினேன். நம் உம்மா. கல்யாண வீட்டில்கூடக் குலவையிடாத உம்மா கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் குலவையிடுகிறாள். அடுத்த நொடி மண்டபமே சேர்ந்துகொண்டது. சுவர் அதிர்ந்தது.

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். அடங்கியதும் கூடாரத்தைக் காட்டினார். "உள்ள யாருன்னு கேக்குறார்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"நாற்காலி" என்றாள் பஹிய்யா. அவளுக்கு அதுதானே தெரியும்.

"திறக்கச் சொல்றார்."

ஆசிரியை வஹீபா கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றார். அவர் உதடு வெளுத்திருந்தது. நானும் போய் நின்றேன். ஏன் போனேன் என்று தெரியாது. குடம் இன்னும் என் தலையில் இருந்தது.

அப்போது லல்லா தாவூஸ் எழுந்தார். முடிந்தது, இவரே திறந்து காட்டுவார் என்று நினைத்தேன். அவர் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றார்.

அவன் தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தான்.

"உன் உம்மா உனக்கு எதையும் சொல்லித் தரலையா? இது ருஃபைதா அம்மா கூடாரம். இதை நாங்களே திறக்க மாட்டோம். இவரு திறப்பாராமா?"

"லல்லா, அவர் கேக்குறத நான் சொல்றேன், அவ்வளவுதான்."

"அப்போ நான் கேக்குறதையும் சொல்லு. அந்தக் கூடாரத்துக்குள்ள காயம்பட்டவங்கதான் போனாங்க. உங்க அதிகாரிக்கு எங்க காயம்? காட்டட்டும். நானே கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறேன்."

அவன் அதை எப்படிச் சொன்னானோ தெரியாது. அதிகாரியின் முகம் சிவந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். லல்லா தாவூஸ் மட்டும் சிரிக்கவில்லை. "காயிது இவரை நாளைக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கார். அங்க வந்து பேசச் சொல்லு. இங்க ஆம்பளைங்களுக்கு இடமில்ல." அதிகாரி தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

"ஏன்டி நிறுத்திட்டீங்க? நடத்துங்க" என்று சொல்லி லல்லா தாவூஸ் உட்கார்ந்தார்.

மீதி நாடகத்தில் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. பஹிய்யா சொல்கிறாள், இவ்வளவு நன்றாக நான் ஒத்திகையில்கூடப் பேசியதில்லையாம்.

எல்லாரும் கலையும்போது லல்லா தாவூஸ் என்னைக் கூப்பிட்டார். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் குடத்துக்குள் போட்டார். பென்சிலின். முத்திரை பிரிக்காத பெட்டி.

"கூடாரத்துல இருக்கிறவங்களுக்கு என் ஸலாம் சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.

நான் உள்ளே வருவதற்குள் நீ போய்விட்டிருந்தாய். வீட்டு வாசலில் உம்மா, "துனிஸ்லேர்ந்து கடிதாசி வந்தா எனக்கும் படிச்சுக் காட்டு" என்றாள்.

ரபீஹா

---

குஸந்தீனா
19 ஏப்ரல் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ரமலான் நோன்பு நல்லபடியாகப் போகிறது. உம்மா நோன்பு திறக்கும்போது இன்னும் உனக்கும் ஒரு கிண்ணம் வைக்கிறாள்.

பள்ளிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மேடை, பெஞ்சு எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். கூடாரத்தைத் தேடினார்களாம், கிடைக்கவில்லை. முபாரக்கா காலாவின் கழுதைச் சேணத்துக்கு அடியில் புதிதாக ஒரு தடிமனான விரிப்பைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி ஆகிவிட்டது.

செவ்வாய்தோறும் ஆசிரியை வஹீபா பெண்கள் குளிக்கிற ஹம்மாமுக்கு வருகிறார். நாங்களும் போகிறோம். இவ்வளவு சுத்தமான வகுப்பு உலகத்தில் எங்கும் இருக்காது. ஷிஃபா (ரலி) அவர்கள் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததை இந்த வாரம் நீராவிக்கு நடுவில் கேட்டோம். ஈரச் சுவரில் விரலால் எழுதிப் பழகுகிறோம். யாராவது உள்ளே வந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும்.

நீ எழுதி நாலு வாரம் ஆகிறது. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கை இருக்கிறதா? அது மட்டும்.

ரபீஹா

---

மலையில்
மே, நோன்புப் பெருநாள் கழிந்து

அன்புள்ள ரபீஹாவுக்கும் என் உம்மாவுக்கும்,

உங்கள் மேல் ஸலாமும் அல்லாஹ்வின் அருளும் உண்டாகட்டும். நான் நலம். இந்த முறை உண்மையாகவே நலம்.

இது வலது கை எழுத்து. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் மடங்காது. மற்ற மூன்றும் போதும். நேற்று ஒரு பையனின் தொடையில் இருந்த குண்டை இந்தக் கையால்தான் எடுத்தேன். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். இன்று காலை ரொட்டி கேட்டான்.

மருத்துவச்சியின் கத்தியை விட எனக்குப் பெரிய வேதனை எது தெரியுமா? உம்மாவின் குலவை. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எழுந்து ஓடிவந்து மடியில் விழுந்துவிடுவேனோ என்று பயந்துதான் பின்வழியாக உடனே போனேன். உம்மா, என்னை மன்னித்துவிடு.

லல்லா தாவூஸ் கொடுத்தது எட்டுப் பேருக்கு வந்தது. அவர் யார் பக்கம் என்று இங்கே சிலர் கேட்கிறார்கள். நான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க மாட்டேன்.

ருஃபைதா அம்மையாராக யாரும் நடிக்கக் கூடாது என்று ஆசிரியை சொன்னது சரிதான், ரபீஹா. அன்று நீயும் நானும் அந்தக் கூடாரத்தின் இரண்டு பக்கத்தில் நின்றோம். நமக்கு அதுவே அதிகம்.

உன் கூடாரம் இங்கே இரண்டு தேவதாருகளுக்கு நடுவில் நிற்கிறது. இப்போது உள்ளே ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். உம்மாவின் கல்யாண விரிப்பு அவர்கள் எல்லார் மேலும் இருக்கிறது, நான்கு விரல் அகலத்தில்.

யாராவது வந்து உள்ளே யார் என்று கேட்டால், பஹிய்யா சொன்னதையே சொல். நாற்காலி.

உன் அக்கா
ஃபளீலா